எண்ணும் எழுத்தும் வரலாறும்

வரலாறு கற்பித்தலைக் குறித்து நம் ஆசிரியர்களிடையே இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. பிள்ளைகள் முதலில் வாசிக்கவும் எழுதவும் கணக்கிடவும் கற்றுக்கொள்ளட்டும், வரலாறு பின்னர் வரலாம் என்பது ஒன்று. வரலாறு என்பது மன்னர்களின் பெயர்களும் ஆண்டுகளுமே, அவற்றை மனப்பாடம் செய்தால் போதும், வாசிப்பைத் தமிழாசிரியரும் கணக்கைக் கணித ஆசிரியரும் பார்த்துக்கொள்வர் என்பது மற்றொன்று. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இவை வேறுபட்டவை போலத் தோன்றும். உண்மையில் இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. எண்ணும் எழுத்தும் வேறு, வரலாறு வேறு என்னும் எண்ணமே அந்த வேர். இந்த எண்ணம் நம் நாட்டில் எப்பொழுது, எவ்வாறு புகுந்தது என்பதை ஆராய்வதும், அதனைக் களையும் வழி நம் வட்டாரத்திலேயே இருப்பதை எடுத்துக்காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

இந்த ஆராய்ச்சி ஏட்டளவில் நிற்கக்கூடியதன்று. சவ்வாது மலையடிவாரத்திலுள்ள ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமைதோறும் ஆட்டுச் சந்தை கூடுகிறது. அங்கே தகப்பனோடு நிற்கும் சிறுவன் ஆட்டின் எடையை மதித்து, விலை பேசி, மீதிச் சில்லறையை மனத்திலேயே கணக்கிடுகிறான். அதே சிறுவன் பள்ளியில், '1806 முதல் 1857 வரை எத்தனை ஆண்டுகள்?' என்று கேட்டால் திகைத்து நிற்கிறான். ஆம்பூர், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி ஆகிய ஊர்களில் தோல் தொழிற்சாலைகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் உழைக்கும் பெற்றோரின் பிள்ளைகளிடமும் இதே நிலையைக் காணலாம். அவர்களில் பலர் தங்கள் குடும்பத்தில் உயர்நிலைப் பள்ளியை எட்டிப் பார்க்கும் முதல் தலைமுறையினர். தன் ஊரின் பழைய ஆவணத்தைத் தானே வாசிக்கவும், அதிலுள்ள எண்ணைத் தானே சரிபார்க்கவும் இயலாத ஒருவன், தன் முன்னோரைப் பற்றிப் பிறர் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியவனாகிறான். ஆகவே இது பாடத்திட்டத்தைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. மனிதரின் மதிப்பைப் பற்றிய கேள்வியுமாகும்.

1. திண்ணைப் பள்ளியின் முறை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் கல்வி என்றால் திண்ணைப் பள்ளிக் கல்வியே. பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதினான். எழுதும்போதே எழுத்தின் ஒலியை உரக்கச் சொன்னான். கை பழகியபின் ஓலையும் எழுத்தாணியும் அவனிடம் கொடுக்கப்பட்டன. அரிச்சுவடி, ஆத்திசூடி, கொன்றை வேந்தன் என்று வாசிப்பு வளர்ந்த அதே காலத்தில் எண்சுவடியும் வளர்ந்தது. முந்திரி, காணி, மா, கால், அரை என்னும் பின்னங்களை வரிசையாக ஒப்பித்தான். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. காணி என்பது 80இல் ஒரு பங்கு. மா என்பது 20இல் ஒரு பங்கு. பொன்னிலக்கத்தில் எண்களையும் பின்னங்களையும், நெல்லிலக்கத்தில் தானிய அளவைகளையும், குழிமாற்றில் நில அளவையையும் கற்றான். 8 நாழி ஒரு குறுணி, 12 குறுணி ஒரு கலம் என்பது அவனுக்கு வெறும் வாய்பாடு அன்று. களத்துமேட்டில் அவன் தகப்பனுக்குக் கிடைக்க வேண்டிய கூலியின் அளவும் அதுவே.

வாசித்தல், எழுதுதல், எண்ணுதல் என்னும் மூன்றும் இங்கே ஒரே செயலாக இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். பிள்ளை தான் எழுதியதை வாசித்தான், வாசித்ததைக் கணக்கிட்டான், கணக்கிட்டதை ஓலையில் எழுதினான். கடிதம் வாசிக்கவும், பத்திரம் எழுதவும், வரவு செலவு பார்க்கவும் வல்லவனாக அவன் வெளியேறினான்.

ஆயினும் இம்முறையை அளவுக்கு மீறிப் புகழ்தல் தகாது. அது பெரும்பாலும் நெட்டுருவை நம்பியது. பொருளைக் கேட்டறிய அங்கே இடம் குறைவு. பிரம்பும் தண்டனையும் அதன் பகுதிகளாக இருந்தன. வரலாறு என்னும் பாடம் அங்கே இல்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, சேரிப் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் அந்தத் திண்ணை பெரும்பாலும் அடைக்கப்பட்டே இருந்தது.

2. மணலெழுத்து கடல் கடந்த வரலாறு

இம்முறையின் சிறப்பை முதலில் உணர்ந்த ஐரோப்பியருள் ஒருவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கிய அவர், தமிழ் கற்பதற்காக ஒரு திண்ணைப் பள்ளி ஆசிரியரையும் அவருடைய மாணவர்களையும் தம் இல்லத்திற்கே வரச்செய்தார். சிறு பிள்ளைகளோடு தாமும் தரையில் அமர்ந்து மணலில் எழுத்துகளை வரைந்து கற்றார். பின்னர் அவரும் அவருடைய உடன் ஊழியரும் தொடங்கிய பள்ளிகளில் பெண் பிள்ளைகளும் சேர்க்கப்பட்டனர்.

சுமார் 80 ஆண்டுகளுக்குப்பின் அதே மணலெழுத்து உலகக் கல்வி வரலாற்றிலும் இடம்பெற்றது. ஸ்காட்லாந்து நாட்டவரான ஆண்ட்ரூ பெல் என்னும் குரு, சென்னை எழும்பூரில் 1789இல் தொடங்கப்பட்ட ஆண் அநாதைப் பிள்ளைகளின் இல்லத்திற்குக் கண்காணிப்பாளராக இருந்தார். தமிழ்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்ட அவர், அதனைத் தம் இல்லத்தில் புகுத்த விரும்பினார். துணை ஆசிரியர்கள் இதற்கு உடன்படவில்லை. ஆகவே சுமார் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு மற்றப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்கச் செய்தார். அம்முயற்சி வெற்றி பெற்றது. மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் வழக்கம், சட்டாம்பிள்ளை என்னும் பெயரில், நம் திண்ணைப் பள்ளிகளில் முன்னமே இருந்ததாகும். பெல் 1797இல் இலண்டனில் இம்முறையைப் பற்றி நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரால் அது இங்கிலாந்தில் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பொருளால் நிறுவப்பட்ட பள்ளி இன்றும் மதராஸ் கல்லூரி என்றே வழங்குகிறது.

இந்த வரலாற்றில் ஒரு முரண்பாடு உண்டு. நம் திண்ணையிலிருந்து எழுத்து முறையைக் கற்றுக்கொண்ட அந்நாடே, பின்னர் நமக்கு வேறு வகையான ஒரு பள்ளியைத் தந்தது. அதனை ஆராயுமுன், இவ்விரண்டுக்கும் இடையே எடுக்கப்பட்ட ஒரு கணக்கைக் காண்போம்.

3. மன்றோவின் கணக்கு

சென்னை மாகாண ஆளுநரான சர் தாமஸ் மன்றோ, 1822ஆம் ஆண்டில், ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ள பள்ளிகளையும் மாணவர்களையும் கணக்கெடுத்து அனுப்பும்படி ஆட்சியாளர்களுக்குக் கட்டளையிட்டார். வட ஆற்காடு மாவட்டத்திலிருந்தும் கணக்கு சென்றது. எல்லாவற்றையும் தொகுத்து 1826 மார்ச் 10ஆம் நாள் மன்றோ தம் குறிப்பை எழுதினார். மாகாணத்தின் மக்கள்தொகை 1,28,50,941. பள்ளிகள் 12,498. மாணவர்கள் 1,88,650. இவர்களில் ஆண் பிள்ளைகள் 1,84,110.

இங்கே நிறுத்திப் பிள்ளைகளிடம் கணக்கைக் கொடுத்துப் பார்க்கலாம். மக்கள்தொகையைப் பள்ளிகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஏறக்குறைய 1,028 பேருக்கு ஒரு பள்ளி என்று விடை வரும். அக்காலத்திற்கு இது பெருமைக்குரிய செய்தி. மாணவர் தொகையைப் பள்ளிகளால் வகுத்தால், ஒரு பள்ளிக்கு 15 பிள்ளைகள். ஆகவே அவை மிகச் சிறிய பள்ளிகள். மொத்தத்திலிருந்து ஆண் பிள்ளைகளைக் கழித்தால் 4,540. மாகாணம் முழுவதிலும் பள்ளி சென்ற பெண் பிள்ளைகள் இவ்வளவே. நூற்றுக்கு இரண்டரைக்கும் குறைவு. ஐந்து முதல் பத்து வயது வரையுள்ள ஆண் பிள்ளைகள் ஏறக்குறைய 7,13,000 பேர் என்று மன்றோ மதிப்பிட்டார். அவர்களில் நாலில் ஒரு பங்கிற்குச் சற்று மேற்பட்டவரே பள்ளி சென்றனர். வீட்டில் கற்றவர்களையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கை நெருங்கலாம் என்பது அவர் கருத்து.

இதே அட்டவணையை வைத்துப் பிற்காலத்தில் பெரும் வாதம் எழுந்தது. நூறு ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிட இந்தியா இன்று கல்வியில் பின்தங்கியிருக்கிறது என்று 1931 அக்டோபரில் காந்தியடிகள் இலண்டனில் கூறினார். சர் பிலிப் ஹார்டாக் அதனை மறுத்து எழுதினார். 1983இல் தரம்பால் மன்றோவின் கணக்கையும் அதனோடு சேர்ந்த கடிதங்களையும் தொகுத்து வெளியிட்டு, பழைய கல்வியின் பெருமையை நிலைநாட்ட முயன்றார். அது யாரை விலக்கி வைத்தது என்பதை மற்றவர்கள் சுட்டிக்காட்டினர். ஒரே தாளிலுள்ள எண்கள் இரு தரப்பாருக்கும் பயன்பட்டன. வகுக்கத் தெரிந்தவன் பள்ளிகளின் பெருக்கத்தைக் காண்கிறான். கழிக்கத் தெரிந்தவன் இல்லாத பெண்களைக் காண்கிறான். இரண்டும் தெரிந்தவனே வரலாற்றை முழுமையாகக் காண்கிறான். இந்த ஒரு தாளே நம் கருத்துக்குப் போதிய சான்றாகும்.

4. பிரிவு நேர்ந்த விதம்

1854ஆம் ஆண்டின் உட் அறிக்கை, பள்ளிகளுக்கு மானியம் வழங்கும் முறையையும் பல்கலைக்கழகங்களையும் கொண்டுவந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றியது. அதன் நுழைவுத் தேர்வு அரசுப் பணிக்கு வாயிலாயிற்று. தேர்வில் வரலாறு ஒரு தனிப் பாடம். இங்கிலாந்தின் வரலாறும் இந்திய வரலாறும் அச்சிட்ட பாடநூல்களிலிருந்து கேட்கப்பட்டன. மணி அடித்தால் ஒரு பாடம் முடிந்து மற்றொன்று தொடங்கும் கால அட்டவணை வந்தது. திண்ணைப் பள்ளியின் நெட்டுரு மட்டும் மறையவில்லை. எண்சுவடியை விட்டு வரலாற்றுப் புத்தகத்திற்குக் குடிபெயர்ந்தது. ஆட்டுச் சந்தையின் கணக்கும், ஊர் நடுவே நிற்கும் கல்லின் எழுத்தும், பாடநூலின் ஆண்டுகளும் ஒன்றையொன்று அறியாதவை ஆயின.

நம் வட்டாரத்தில் இக்கதை சற்று வேறுவிதமாக நடந்தது. ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் அமெரிக்க ஆற்காட்டு மிஷனை நிறுவினர். ஊர் ஊராகச் சென்று தமிழில் பிரசங்கிப்பதே தங்கள் முதல் கடமை என்று அவர்கள் கொண்டனர். பிற சமயத்தாருக்குப் பள்ளிகள் நடத்துவதில் தொடக்கத்தில் ஆர்வம் காட்டவில்லை. ஆனால் சிற்றூர்களில் சபைகள் எழும்பியபோது, ஒவ்வொரு சபைக்கும் ஒரு பள்ளி தவிர்க்க முடியாததாயிற்று. உபதேசியாரே ஆசிரியர், ஆலயமே பள்ளிக்கூடம். ஐந்து வகுப்புகளையும் ஒருவரே ஒரே கூரையின் கீழ் நடத்தியதால், பாடங்களுக்கிடையே சுவர் எழுப்ப அவருக்கு வசதி இல்லை. காலையில் வேதபாடத்தை வாசித்த பிள்ளைகளே மாலையில் அதே வாக்கியங்களைப் பலகையில் எழுதினர். திண்ணை அடைக்கப்பட்டிருந்த பிள்ளைகளுக்குத் திண்ணைப் பள்ளியின் நற்பண்பு இவ்வழியாக வந்து சேர்ந்தது. உயர் வகுப்புகளுக்குச் சென்றபோதோ, மிஷன் பள்ளிகளும் தேர்வின் பிடிக்குள் அகப்பட்டன.

இப்பிரிவை நீக்க முயன்றோரும் உண்டு. 1937இல் வார்தாவில் உருவான ஆதாரக் கல்வித் திட்டம், ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து மொழி, கணக்கு, சமூக அறிவு ஆகியவற்றை அதனோடு இணைத்தது. அதனைச் சேவாகிராமத்தில் பல ஆண்டுகள் நடத்தியவர் யாழ்ப்பாணத் தமிழ்க் கிறிஸ்தவரான ஈ. டபிள்யூ. ஆரியநாயகம் என்பது நம்மில் பலர் மறந்துவிட்ட செய்தி. 2022இல் தமிழ்நாடு அரசு தொடக்க வகுப்புகளுக்காக ஆரம்பித்த திட்டத்திற்கு 'எண்ணும் எழுத்தும்' என்றே பெயரிடப்பட்டது. பழைய சொல் மீண்டும் வந்தது நல்லது. ஆனால் தொடக்க வகுப்பைத் தாண்டியபின் அவ்விரண்டும் எங்கே பயன்படப்போகின்றன? வரலாற்று வகுப்பே அதற்கு ஏற்ற இடம் என்பது நம் துணிபு.

5. நம் வட்டாரம் தரும் மூன்று பாடங்கள்

அ) நடுகல்: வாசிக்கும் பாடம்

ஆநிரை மீட்கும் போரிலும் ஊர் காக்கும் போரிலும் மாண்ட வீரர்க்கு எடுத்த நடுகற்கள் சவ்வாது மலையைச் சூழ்ந்த பகுதிகளில் மிகுதி. ஆம்பூரில் பல்லவ மன்னன் நிருபதுங்கனின் 26ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த இரண்டு நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. ஊர்ப் பெயர் அவற்றில் ஆமையூர் என்று காணப்படுகிறது. நுளம்பன் படை கவர்ந்த ஆநிரைக்காகப் போரிட்டு மாண்டவர்களை அவை நினைவுகூர்கின்றன. மலைக்கு மறுபுறம், செங்கம் பகுதியிலுள்ள எடுத்தனூரில், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு, கோவிவன் என்னும் நாயும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. அந்த நாய் இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்றது என்று கல் கூறுகிறது.

ஆடு மாடுகளை அறிந்த பிள்ளைகளுக்கு இதைவிட விருப்பமான பாடம் எது? கல்லின் வாசகத்தைக் கரும்பலகையில் எழுதி, சொற்களைப் பிரித்து வாசிக்கச் செய்யலாம். இன்றைய வழக்கில் அதனைத் திரும்ப எழுதச் செய்யலாம். அடுத்து ஒரு கணக்கு. மகேந்திரவர்மன் 590இல் அரியணை ஏறினான் என்று கொண்டால், அவனுடைய 34ஆம் ஆண்டு ஏறக்குறைய 623 அல்லது 624 ஆகும். அவன் 600 முதல் 630 வரை ஆண்டான் என்று கூறும் நூல்களும் உண்டு. 30 ஆண்டு ஆண்ட அரசனுக்கு 34ஆம் ஆட்சியாண்டு எப்படி வரும்? நூல் சொல்லும் ஆண்டுகளுக்கும் கல் சொல்லும் ஆண்டுக்கும் உள்ள முரணைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை சாதாரணக் கூட்டலால் கண்டுபிடித்துவிடுகிறது. ஆண்டுகளை மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு இந்த மகிழ்ச்சி கிட்டாது.

ஆ) வேலூர்க் கோட்டை: எழுதும் பாடம்

1806 ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். நெற்றிக்குறி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், புதிய வகைத் தலைப்பாகை அணிய வேண்டும் என்னும் கட்டளைகள் முன்னரே வெறுப்பை வளர்த்திருந்தன. அத்தலைப்பாகையில் தோலால் செய்த ஒரு சின்னமும் இருந்தது. இது தங்களைக் கிறிஸ்தவராக்கும் சூழ்ச்சி என்னும் அச்சம் சிப்பாய்களிடையே பரவியது. கோட்டையில் வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் குடும்பத்தார் மீதும் ஐயம் எழுந்தது. முஸ்தபா பேக் என்னும் சிப்பாய் ஜூன் மாதமே எச்சரித்தும் அவர் நம்பப்படவில்லை, காவலில் வைக்கப்பட்டார். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி கொண்டுவந்த குதிரைப்படை அதே நாளில் கிளர்ச்சியை ஒடுக்கியது.

இந்நிகழ்ச்சியைப் பற்றிக் கொல்லப்பட்ட கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட்டின் மனைவி எழுதிய குறிப்பு உண்டு. விசாரணைக் குழுவின் பதிவுகளும் உண்டு. கில்லெஸ்பியுடன் வந்த பிளாக்கிஸ்டன் என்னும் அதிகாரியின் நூலும் உண்டு. ஆனால் சாதாரணச் சிப்பாய் தன் கையால் எழுதிய வரலாறு நமக்குக் கிட்டவில்லை. விசாரணையில் பிறர் கேட்ட கேள்விக்கு அவன் சொன்ன விடையே எஞ்சியிருக்கிறது. எண்களிலும் இவ்வேறுபாடு வெளிப்படுகிறது. 69ஆம் படைப்பிரிவில் மாண்ட ஐரோப்பியப் படைவீரர் 115 பேர் என்று ஒற்றை எண் வரை குறிக்கப்பட்டுள்ளது. மாண்ட சிப்பாய்களோ சுமார் 350 என்பர் சிலர். 800க்கும் மேற்பட்ட உடல்கள் கோட்டையிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டன என்பார் பிளாக்கிஸ்டன். ஒரு தரப்பாரின் சாவு ஒவ்வொன்றாக எண்ணப்பட, மறு தரப்பாரின் சாவு குத்துமதிப்பாக நின்றது ஏன்? இக்கேள்வியைக் கொடுத்து ஒரு பக்கம் எழுதச் சொன்னால், பிள்ளைகள் எழுதவும் கற்பர், சிந்திக்கவும் கற்பர். கட்டளையிட்டவர், கீழ்ப்படிய மறுத்தவர், நடுவில் சிக்கிய பெண் என்று மூவர் நிலையில் நின்று எழுதச் செய்யலாம். சமயத்தைப் பற்றிய அச்சம் இவ்வரலாற்றில் ஒரு காரணம் என்பதை, கிறிஸ்தவ ஆசிரியர் மறைக்காமல் சொல்ல வேண்டும். மறைத்துக் கற்பிக்கும் வரலாறு பிள்ளைக்கும் திருச்சபைக்கும் நன்மை தராது.

இ) பாலாறு: கணக்கிடும் பாடம்

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடுவது இப்பகுதியின் பழைய தொழில். இருபதாம் நூற்றாண்டில் குரோமிய முறை வந்தது; 1970களுக்குப்பின் அது பெருகியது. தொழில் வளர்ந்தது, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு கிடைத்தது, பாலாற்று நீர் கெட்டது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் தீர்ப்பளித்தது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் அது இன்றும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு. அத்தீர்ப்பு எண்களால் நிறைந்தது. தோல் பதனிடும் பகுதியில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிருக்கு உதவாமற்போயிற்று. ஒரு கிலோ தோலை முடித்தெடுக்க ஏறக்குறைய 35 லிட்டர் நீர் செலவாகிறது. திண்டுக்கல் பகுதியில் 13 ஊர்களில் பார்த்ததில் 467 கிணறுகளில் 350 கெட்டிருந்தன.

இவை ஒவ்வொன்றும் ஒரு கணக்கு. 350ஐ 467ஆல் வகுத்தால், நாலில் மூன்று கிணறு பாழ் என்று தெரிகிறது. ஒரு நாளைக்கு ஆயிரம் கிலோ தோல் முடிக்கும் ஆலைக்கு 35,000 லிட்டர் நீர் வேண்டும். அது எத்தனை குடம், எத்தனை வீட்டின் தேவை என்று பிள்ளைகளே கணக்கிடலாம். தீர்ப்பின் பின்னர் அமைந்த அதிகாரக் குழு, வேலூர் மாவட்டத்தில் பாதிக்கப்பட்டோர் 29,000க்கு மேற்பட்டவர் என்று கண்டு, ஏறக்குறைய 26 கோடியே 82 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க 2001இல் தீர்மானித்தது. கோடி என்ற சொல் பெரிதாகத் தோன்றும். வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சராசரி 9,200 ரூபாய்தான். நிலம் இழந்த உழவனுக்கு இது போதுமா? தொழிலை மூடினால் தோல் தொழிலாளியின் பிள்ளை எங்கே போகும்? இரு கேள்விகளையும் ஒரே வகுப்பில் எழுப்பலாம். உழவன் மகனும் தொழிலாளி மகளும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் வட்டாரம் நம்முடையது.

6. ஆசிரியர் மனத்திற்கொள்ள வேண்டியவை

இம்முறைக்கு எதிராகச் சொல்லப்படுபவை பல. பாடப்பகுதி முடியாது என்பர். ஒரு பருவத்திற்கு ஓர் ஆவணம் போதும். மற்றவற்றை வழக்கம்போல் நடத்தலாம். வாசிக்கவே தெரியாத பிள்ளை கல்வெட்டை எப்படி வாசிக்கும் என்பர். அத்தகைய பிள்ளைக்கு ஆசிரியர் முதலில் வாசித்துக் காட்ட வேண்டும். பின்னர் வகுப்பு சேர்ந்து வாசிக்க வேண்டும். அதன்பின் இருவர் இருவராக வாசிக்க, வாசிக்கத் தெரிந்தவன் தெரியாதவனுக்குத் துணை நிற்பான். பெல் எழும்பூரில் கண்டது இதுவே. எட்டாம் வகுப்பில் எழுத்துக் கூட்டும் பிள்ளையிடம் முதல் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால் அது வெட்கப்படும். கோவிவன் நாயின் கதையைக் கொடுத்தால் வெட்கமின்றி எழுத்துக் கூட்டும்.

மறுபுறம் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வரலாற்றைக் கூட்டல் கழித்தல் பயிற்சிக்கு வெறும் சாக்காக ஆக்கிவிடக்கூடாது. 'ஒரு மன்னனிடம் 200 யானைகள் இருந்தன, 50 இறந்தன, மீதி எத்தனை?' என்று கேட்பது வரலாறும் ஆகாது, நல்ல கணக்கும் ஆகாது. கணக்கின் விடை ஒரு வரலாற்றுக் கேள்வியைத் திறக்க வேண்டும். அவ்வாறு திறக்காத கணக்கை வரலாற்று வகுப்பில் தவிர்ப்பதே நன்று. எண்ணைக் கண்டவுடன், 'இதை எண்ணியவர் யார்? யாருக்காக எண்ணினார்? யாரை எண்ணாமல் விட்டார்?' என்னும் மூன்று கேள்விகளையும் கேட்கப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும்.

நம் சபைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நம் ஆலயங்களின் இரும்புப் பெட்டிகளில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவேடுகள் உள்ளன. பட்டாவோ கல்வெட்டோ செப்பேடோ இல்லாத குடும்பங்கள் பலவற்றிற்கு, முன்னோரின் பெயர் எழுத்தில் ஏறிய முதல் இடம் இப்பதிவேடே. நிலக்கிழாரின் கணக்கில் 'ஆள் பத்து' என்று நின்றவர்கள் இங்கே பெயரோடும் தகப்பன் பெயரோடும் ஊரோடும் நிற்கின்றனர். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சக் காலத்துப் பக்கங்கள் எஞ்சியுள்ள சபைகளில், அடக்கப் பதிவுகளை ஆண்டு வாரியாக எண்ணிப் பார்க்கும் பிள்ளை, பஞ்சம் என்றால் என்ன என்பதைப் பாடநூலின் ஒரு பத்தியைவிட நன்றாக அறிந்துகொள்ளும். பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் கழித்து, எத்தனை பேர் ஐந்து வயதைக் கடக்கவில்லை என்று காணலாம். பழைய கையெழுத்தை வாசிப்பதும், தெளிவாகப் படியெடுப்பதும், அட்டவணை வரைவதும் தாமே வந்து சேரும். உயிரோடிருப்போரின் செய்திகளைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாகாது. மூலப் பதிவேட்டைக் கொடுக்காமல் படியெடுத்த தாள்களையே தர வேண்டும். இவ்விரு ஒழுங்குகளையும் போதகர் காத்துக்கொள்ள வேண்டும். விடுமுறை வேதாகமப் பள்ளி முடிந்தபின் ஒரு வாரம் ஒதுக்கினால், எந்தச் சிற்றூர்ச் சபையிலும் இதனைச் செய்யலாம். வட்டாரத்து உயர்நிலைப் பள்ளியின் வரலாற்று ஆசிரியரையும் அழைத்துக்கொண்டால் பயன் பெருகும்.

திண்ணைப் பள்ளி நம் பிள்ளைகளுக்கு மறுக்கப்பட்டது. மிஷன் பள்ளி அவர்களுக்கு எழுத்தைத் தந்தது. தேர்வுமுறை அந்த எழுத்தை வாழ்க்கையிலிருந்து பிரித்து வைத்தது. பிரிந்ததை மீண்டும் சேர்க்கப் புதிய கட்டடமோ பெரும் பொருளோ தேவையில்லை. ஊரில் ஒரு கல், பெட்டியில் ஒரு பதிவேடு, சந்தையில் பழகிய கணக்கு ஆகிய மூன்றும் ஒடுகத்தூரைப் போன்ற எந்த ஊரிலும் கிடைக்கும். அவற்றைப் பிள்ளையின் கையில் கொடுத்து, வாசி, எழுது, எண்ணிப் பார் என்று சொல்ல ஓர் ஆசிரியர் வேண்டும். அந்த ஆசிரியராக இருக்க நம் போதகர்களும் உபதேசியார்களும் முன்வருவார்களாக.